மாமா கையில் பிடித்துவந்த எர்த்

ஊர்வலக் காரில் ஏறிவிட்ட மாப்பிள்ளை நடுவழியில் இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளையார் கோயில் வாசலில் ஏறினால், மண்டபத்து வாசலில் ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்த பிறகுதான் கால் தரையில் படவேண்டும். சாதாரண மாப்பிள்ளைக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் மாப்பிள்ளை ஒரு கார் எலக்ட்ரீஷியனாக இருந்து, அவன் உட்கார்ந்திருக்கும் காரிலேயே லைட் கம்ப்ளெயிண்ட் வந்தால்?

எனக்கு வந்தது. ஊரே பார்க்க வந்தது.

எதற்கும் இருக்கட்டும்

என் பெயர் ஏழுமலை. மரக்காணத்தில் ஈ.சி.ஆர். ஓரமாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். எழுதிப் பழக்கமில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள், "லைட் கம்ப்ளெயிண்ட்ட எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுண்ணே?" என்று கேட்கிறார்கள். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் கல்யாணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் சுபாவம். நான் பயந்தவன். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், பூட்டை இழுத்துப் பார்த்தேனா, இழுத்துப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம் வந்து திரும்பி வருவேன். இழுத்துப் பார்த்துவிட்டுப் போனால் மறுபடியும் அதே இடத்தில் அதே சந்தேகம் வரும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஃப்யூஸ், ஒரு பல்பு, ஒரு முழம் ஒயர் இருக்கும். சாவு வீட்டுக்குப் போனாலும் இருக்கும். கேட்டால், "எதற்கும் இருக்கட்டும்" என்பேன்.

அப்போது நான் வேலை பார்த்தது ரஹீம் பாய் கடையில். பாய் கோட்டக்குப்பத்துக்காரர். சவுதியில் கார் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துவிட்டு, வெயில் இங்கேயும் அதேதான் என்று திரும்பி வந்து எங்கள் ஊரில் கடை போட்டவர். நல்ல மனிதர். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"ஏம்பா ஏழுமல, ஊர்ல எல்லாருக்கும் பேட்டரி டவுன் ஆவும். நீ ஒருத்தன்தான் ஓவர் சார்ஜ் ஆயிட்டுத் திரியுற. எதுலயாவது இறக்கி வெய்யிப்பா."

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடல் தண்ணீர் குடித்த வண்டிகள் எங்கள் கடைக்கு வரிசையாக வந்தன. டாஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே மணல் இருக்கும். உப்பு ஒயரை எப்படித் தின்னும், எந்த நிறத்தில் பூக்கும், எங்கே ஒளிந்துகொள்ளும் என்று எல்லாம் கற்றுக்கொண்டோம். உப்பைப் பற்றி இனி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் மண் விழுந்தது, 2006-ஆம் வருஷம் வைகாசியில். மண் இல்லை, உப்பு.

மாமா கேட்ட கேள்வி

பெண் பெயர் கலா. அவள் அப்பா ரங்கநாயகி அம்மாவின் உப்பளத்தில் மேஸ்திரி. அவர் சாது. பேச்செல்லாம் கலாவின் தாய்மாமா தட்சிணாமூர்த்திதான். உப்பு ஏற்றும் லாரிகள் வைத்திருந்தார். நல்ல உயரம். அவர் ஒரு வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் விட்டால் அந்தப் பக்கத்து டிரைவர்கள் அத்தனை பேரும் அங்கேயே போவார்கள். அவர் "வேஸ்ட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கடைக்கு ஈ கூட வராது.

நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "மாப்ள இன்னா வேல பாக்குறாரு?"

"கார், லாரிக்கு லைட்டு ரிப்பேருங்க" என்றாள் என் அம்மா.

"லைட்டா? சுச்சப் போட்டா எரியப்போவுது. அதுக்கு ஒரு ஆளு வேணுமா?"

ரஹீம் பாய்தான் சொன்னார்: "எரியுறப்போ வேணாம் மொதலாளி. எரியாதப்போதான் ஆளு வேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "பாக்கலாம்" என்றார்.

அந்தப் "பாக்கலாம்" கல்யாணம் வரைக்கும் என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் கல்யாணம் முடிந்த கையோடு நான் தனியாகக் கடை போடுவதாக இருந்தேன். போர்டு எழுதக் கொடுத்தாகிவிட்டது. பாயே இடம் பார்த்துக் கொடுத்திருந்தார். வரவேண்டியது வண்டிகள்தான். அந்த வண்டிகளின் சொந்தக்காரர்களும் டிரைவர்களும் மொத்தமாக என் மாப்பிள்ளை அழைப்புக்கு வரப்போகிறார்கள், மாமாவின் அழைப்பில்.

வெள்ளை அம்பாசிடர்

ரங்கநாயகி அம்மா தாராள மனசுக்காரர். "மேஸ்திரி பொண்ணு நம்ம வூட்டுப் பொண்ணு. மாப்ள அழைப்புக்கு நம்ம காரையே எடுத்துக்க ஏழுமல. ஆனா பின்னாடி லைட்டு கொஞ்சம் ஆட்டம் காட்டுது. நீதான் டாக்டராச்சே, பாத்துக்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிற வெள்ளை அம்பாசிடர் அது. அது காட்டிய ஆட்டத்தைக் கேளுங்கள். பார்க் லைட்டை, அதாவது முன்னும் பின்னும் எரிகிற சின்ன லைட்டைப் போட்டால் பின்னால் சிவப்பு எரியும். அந்த நிலையில் பிரேக்கை மிதித்தால் இன்னும் பிரகாசமாக எரியவேண்டுமா இல்லையா? அணைந்துவிடும். இடது இண்டிகேட்டரைப் போட்டால் முன்னால் எரியும்போது பின்னால் அணையும், பின்னால் எரியும்போது முன்னால் மங்கும். கண்ணாமூச்சி விளையாட்டு. அதுவும் எப்போதும் கிடையாது. சில நாள் ஒழுங்காக இருக்கும். நான் கடைக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக எல்லாம் எரியும்.

பல்புகளை மாற்றினேன். மறுநாள் ஆட்டம். பிரேக் பெடலில் இருக்கிற ஸ்டாப் லைட் ஸ்விட்சை மாற்றினேன். ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆட்டம். இண்டிகேட்டரைக் கண்ணடிக்க வைக்கிற ஃபிளாஷரை மாற்றினேன். டிக்கிக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயராக ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ஆட்ட ஆட்டச் சரியாகும். சரியானதும் நான் சந்தோஷமாக மூடிவிடுவேன்.

டெஸ்ட் லேம்ப் என்றால் தெரியுமல்லவா? ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர். ஒரு ஒயரின் கிளிப்பை வண்டியின் இரும்பில் மாட்டிக்கொண்டு, மற்றதை ஹோல்டரில் தொட்டால், கரண்ட் வந்தால் பல்பு எரியும். நான் கிளிப்பைப் பளபளவென்று இருந்த பின் பம்பரில் மாட்டிக்கொண்டு தொட்டேன். ஜம்மென்று எரிந்தது. எங்கே தொட்டாலும் எரிந்தது. கரண்ட் வருகிறது, பல்பும் நல்ல பல்பு. அப்புறம் என்ன கேடு இந்தக் காருக்கு?

டிக்கியின் மூலையில் ஒரு சிவப்புத் துணி மூட்டை இருந்தது. அதற்கு அடியில் வெளுத்துப்போன இன்னொரு மூட்டை. அதற்கும் அடியில் வெறும் துணி. ரங்கநாயகி அம்மா சொன்னார்: "வருசா வருசம் பாத்தியில மொதல் உப்பு வாருனதும் ஒரு மூட்ட கட்டி கார்ல வெச்சிடுவேன். கண்ணேறு படாது. ஆனா அத எடுக்கக் கூடாது ஏழுமல. அதுவா கரைஞ்சு போவணும். கரைஞ்சா திருஷ்டி கரைஞ்சிதுன்னு அர்த்தம்."

வெளியூர் எலக்ட்ரீஷியனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நானோ மரக்காணத்துக்காரன். எங்கள் வீட்டு வாசற்படியிலும் அதே மாதிரி ஒரு மூட்டை தொங்குகிறது. மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒயர் எதுவும் இடிக்காதபடி பத்திரமாக மூலைக்கே தள்ளி வைத்தேன்.

குளியல்

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் எனக்குப் புதுக்கவலை. கார் அழுக்காக இருக்கிறதோ? மோட்டார் போட்டு ஹோஸ் பைப்பால் வண்டியை அடித்துக் கழுவினேன். டிக்கியையும் திறந்து ஓரம் ஓரமாகக் கழுவினேன். மூட்டையை மட்டும் நகர்த்தவில்லை. மரியாதை.

அது முடிந்ததும் அம்மா வந்தாள். இரண்டு கையிலும் கல் உப்பை அள்ளிக்கொண்டு காரைச் சுற்றி வந்து, "ஊர்க்கண்ணு, ஒறவுக்கண்ணு, நாய்க்கண்ணு, நரிக்கண்ணு" என்று சொல்லி, டிக்கி மூலையில் சளாரென்று போட்டாள்.

"அங்க எதுக்கும்மா போடுற?"

"அங்கதானடா ஏற்கெனவே மூட்ட இருக்குது. தொணையா இருக்கட்டும்."

பாய் வந்து லைட்டையெல்லாம் போட்டுப் பார்த்தார். எல்லாம் எரிந்தன. "மாஷா அல்லா. மணமேடை மாதிரியே இருக்குது" என்றார். பட்டுச் சட்டையின் பையில் வழக்கம்போல ஃப்யூஸ், பல்பு, ஒரு முழம் ஒயர் போட்டுக்கொண்டேன்.

ஊர்வலம்

பொழுது சாயும் நேரம். கடல் காற்று எழும்பிவிட்டது. முன்னால் பேண்டு செட்டு, அவர்களோடு ட்யூப் லைட் தூக்குகிறவர்கள், பிறகு பெண்கள், பிறகு எங்கள் கார், காருக்குப் பின்னால் மாமாவும் அவருடைய டிரைவர் பட்டாளமும். பாய் காரை ஓட்டுகிறார். அவர் பக்கத்தில், கார் தன்னுடையது என்பதால், ரங்கநாயகி அம்மா. பின் சீட்டில் நான் மட்டும், மாலையும் கழுத்துமாக.

பாய் பார்க் லைட்டைப் போட்டார். கார் நகர்ந்தது. பேண்டுக்காரர்கள் நின்று ஆட ஆரம்பித்ததும் பாய் பிரேக்கை மிதித்தார். பின்னால் "ஓ!" என்று சத்தம்.

"மாப்ள! லைட்டு அணைஞ்சிபோச்சு!"

காலை எடுத்தார். "எரியுது!" மிதித்தார். "அணைஞ்சிபோச்சு!"

பாய் பதற்றத்தில் இண்டிகேட்டர் கட்டையைத் தட்டிவிட்டார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மாற்றி மாற்றிக் கண்ணடிக்க ஆரம்பித்தது. பேண்டு செட்டில் டிரம் வாசிக்கிறவர் திரும்பிப் பார்த்தார். கலைஞர் அல்லவா, உடனே அந்தத் தாளத்துக்கு டிரம்மை மாற்றிவிட்டார். இளவட்டங்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கார் கண்ணடிக்கிறது, டிரம் அடிக்கிறது, எனக்குள்ளும் ஏதோ அடித்துக்கொள்கிறது.

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு: "கல்யாணக் கார்ல வெளக்கு அணைஞ்சி அணைஞ்சி எரியுதே, சகுனம் இன்னாத்துக்கு ஆவுறது?"

பின்னாலிருந்து மாமாவின் குரல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "டேய், மாப்ள லைட்டு ரிப்பேரு பண்றவருன்னு சொன்னாங்களே, அந்த லைட்டு இதாண்டா!"

டிரைவர் பட்டாளம் விழுந்து விழுந்து சிரித்தது. என் கடை திறக்கும் முன்பே மூடப்படுகிற சத்தம் அது. கதவுப் பிடியில் கை வைத்தேன்.

ரங்கநாயகி அம்மா திரும்பி ஒரு முறை முறைத்தார். "காலு வெளிய வந்துது, வெட்டிப்புடுவேன். ஒக்காரு."

கைகட்டி வைத்தியம்

கடையாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு ஓடி, அதே பம்பரில் கிளிப்பை மாட்டி, அதே ஹோல்டரைத் தொட்டு, அதே ஒயரை ஆட்டியிருப்பேன். இப்போது கையும் இல்லை, கண்ணும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பூச்சரம். ஊரார் கண்தான் எனக்குக் கண். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். காலைத்தானே நீட்டக் கூடாது?

"பாய், எல்லா லைட்டையும் அணைங்க. பிரேக்க மட்டும் மிதிங்க. பின்னாடி இருக்கிறவங்க சொல்லுங்க, இன்னா எரியுது?"

"செவப்பு லேசா எரியுது மாப்ள! நோஞ்சானா!"

"முன்னாடி?"

முன்னால் நின்ற பேண்டுக்காரர் குழலை இறக்கிவிட்டுச் சொன்னார்: "முன்னாடி சின்ன லைட்டு ரெண்டும் எரியுதுங்க!"

பிரேக்கை மிதித்தால் முன்னால் ஏன் எரியவேண்டும்?

"பாய், இப்ப பார்க் லைட்டப் போடுங்க. பிரேக்க எடுத்துட்டு மிதிங்க."

"செவப்பு போச்சு!"

"மஞ்ச லைட்டு நாலும் மினுக்மினுக்குன்னு எரியுது!"

"மாப்ள, ஒண்ணு எரிஞ்சா இன்னொண்ணு அணையுது. ஒண்ணோட ஒண்ணு சண்டக்காரன் மாதிரி!" என்று கத்தினார் ஒரு டிரைவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரண்ட் எல்லா இடத்துக்கும் ஒழுங்காக வருகிறது. வந்து, பல்புக்குள் புகுந்து, திரும்பி வீட்டுக்குப் போகத்தான் வழி இல்லை. வந்த விருந்தாளி வாசல் பூட்டியிருந்தால் என்ன செய்வான்? பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகப் போவான். பிரேக் லைட்டுக்குள் வந்த கரண்ட், பார்க் லைட் வழியாக முன் பக்கம் போகிறது. இண்டிகேட்டர் வழியாக நுழைகிறது. எல்லா வீட்டுக் கதவையும் தட்டி எல்லாரையும் எழுப்பிவிடுகிறது. பூட்டிக் கிடந்தது ஒரே ஒரு வாசல். பின் லைட் இரண்டுக்கும் பொதுவான எர்த், கரண்டை வண்டியின் இரும்புக்குத் திருப்பி அனுப்புகிற ஒயர். அது முடிகிற இடம் டிக்கி மூலை. மூலையில் இருப்பது…

"எர்த்து!" என்று நான் போட்ட கூச்சலில் பேண்டு நின்றுவிட்டது.

"எர்த்து பாய்! நான் டெஸ்ட் லேம்ப பம்பர்ல மாட்டுனேன். பம்பரு நல்ல எர்த்து, அதான் எரிஞ்சுது. லைட்டோட எர்த்த நான் பாக்கவே இல்ல!"

பாய் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். "அட அல்லாவே. நானும் பாக்கலியேப்பா."

காருக்குள் ஓர் உப்பளம்

நான் இறங்கக் கூடாது. பாய் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது, சாலை சரிவு, ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். டிக்கிக்குப் பக்கத்தில் நிற்பது மாமா.

"மாமா" என்றேன். குரலை உயர்த்தினேன். "மாமா! டிக்கியக் கொஞ்சம் தொறங்க."

"நானா?"

"நீங்கதான் மாமா. வேற யாரையும் நம்பிக் குடுக்க முடியாது."

இந்த வார்த்தை எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. மாமா வேட்டியை மடித்துக் கட்டும் சத்தம் கேட்டது. டிக்கி திறந்தது. பிறகு ஒரு வெடிச்சிரிப்பு.

"யக்கா! இங்க ஒரு உப்பளமே இருக்குதுக்கா! தண்ணி கட்டி, பாத்தி கட்டி, உப்பு வெளைஞ்சு நிக்குது! வாருறதுதான் பாக்கி!"

"அதுல கை வெக்காத தட்சிணா!" ரங்கநாயகி அம்மா துள்ளினார். "கரையாம அத எடுக்கக் கூடாது!"

"எடுக்காம எப்பிடிக்கா உள்ள பாக்குறது?"

"எனக்குத் தெரியாது. கல்யாண நேரத்துல திருஷ்டி மூட்டய வெளிய எடுத்துப் போட்டா யாரு பொறுப்பு?"

பின்னால் ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பெண்கள் ரங்கநாயகி அம்மா பக்கம். டிரைவர்கள் மாமா பக்கம். பேண்டுக்காரர்கள் எந்தப் பக்கமும் இல்லாமல் டீ குடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மூளை பயத்தில்தான் வேகமாக ஓடும். "அம்மா, கார்லேர்ந்து வெளிய எடுக்கக் கூடாது. அவ்ளோதான?"

"ஆமா."

"டிக்கிலேர்ந்து என் மடிக்கு வந்தா கார்லதான இருக்குது?"

ரங்கநாயகி அம்மா யோசித்தார். ஊர் அவர் முகத்தைப் பார்த்தது.

"அது செரிதான்" என்றார்.

ஜன்னல் வழியாக மூட்டைகள் வந்தன. சிவப்பு மூட்டை, வெளுத்த மூட்டை, கடைசியில் என் அம்மா போட்ட ஈர உப்பு இரண்டு கை. பட்டு வேட்டியில் உப்புத் தண்ணீர் இறங்கித் தொடை சில்லிட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் அடித்தார்.

"மாமா, இப்ப மூலைல இன்னா தெரியுது?"

"ஒரு கருப்பு ஒயரு. மொனையில பச்சையா மாவு மாதிரி பூத்திருக்குது. தொட்டேன், உதுந்துபோச்சு. ஸ்குரூ இருந்த எடத்துல ஓட்டதான் இருக்குது. எல்லாம் துருப்புடிச்சுத் தின்னுடுச்சி."

பையிலிருந்து ஒரு முழம் ஒயரை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

மாமா அந்த ஒயரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "கல்யாணச் சட்டையிலயா வெச்சிருக்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னு மாமா."

முதல் தடவையாக அவர் மீசை ஓரம் அசைந்தது. ஒயரின் இரண்டு முனையையும் பல்லால் கடித்து உரித்தார். ஒரு முனையைக் கருப்பு ஒயரோடு முறுக்கச் சொன்னேன். மறு முனையை டிக்கி இடுக்கு வழியாக வெளியே விட்டு, என்னை இத்தனை நாள் ஏமாற்றிய அதே பம்பரில் அழுத்தச் சொன்னேன்.

அழுத்தினார்.

பின்னாலிருந்து எழுந்த ஆரவாரத்தை நான் என்னவென்று எழுதுவது? சிவப்பு, சிவப்பாக எரிந்தது. பாய் மிதித்தார், இன்னும் பிரகாசமாக எரிந்தது. இண்டிகேட்டர் போட்டார், இடது பக்கம் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில், அண்ணன் தம்பி மாதிரி கண்ணடித்தது.

"செரி, இத எங்க கட்டுறது?"

"கட்ட முடியாது மாமா. ஸ்பேனர் இல்ல. புடிச்சுக்கிட்டே வரணும்."

"எதுவரைக்கும்?"

"மண்டபம் வரைக்கும்."

அந்த உயரமான மனிதர் பம்பர் மட்டத்துக்குக் குனிந்து, கட்டைவிரலால் ஒயரை அழுத்தியபடி காருக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தார். டீக்கடை வாசலில் இருந்து ஒருவர் கேட்டார்: "இன்னா தட்சிணா, மாப்ள காரத் தள்ளிக்கிட்டு வர்றியா, ஓடிப்போவாம இழுத்துப் புடிச்சுக்கிட்டு வர்றியா?"

"வெளக்கு புடிக்கிறேன்டா, கண்ணு தெரியல?"

கொஞ்ச தூரத்தில் அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. விரலை எடுத்தால் அணைகிறது, அழுத்தினால் எரிகிறது. மெதுவாக டிரம் சத்தத்துக்கு ஏற்ப விரலை எடுத்து எடுத்து வைக்க ஆரம்பித்தார். டிரம்காரர் அதைப் பார்த்துவிட்டார். அவர் ஒரு உருட்டு உருட்டினால் மாமா ஒரு உருட்டு. அவர் நிறுத்தினால் மாமா நிறுத்துவார். சகுனம் பார்த்த பெண்கள் கைதட்டினார்கள். ஹாரன் அடித்த பஸ்ஸின் பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ரசித்தார்கள். ரங்கநாயகி அம்மா, "மூட்டயக் கீழ வெக்காத" என்று அடிக்கொரு தடவை என்னிடம் சொல்லிக்கொண்டே தோளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கவலைப்பட ஒன்றுமே அகப்படவில்லை. அது எவ்வளவு விநோதமாக இருந்தது தெரியுமா? மடியில் உப்பு ஒழுக, நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்து வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். கலா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். பிறகு என்னிடம் கேட்டாள்: "எல்லா மாப்ளையும் கையில பூச்செண்டு வெச்சிருப்பாங்க. நீங்க இன்னா, உப்பு மூட்ட வெச்சிருந்தீங்க?"

மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கட்டைவிரல் கறுத்திருந்தது. டிரைவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "கார உட்டு எறங்காம டிக்கில இருக்கிற நோவச் சொல்றாம்பா. ஆனா வேலைய என்னத்தான் செய்யவெச்சான், படுபாவி."

தம்பிகளுக்கு

நீங்கள் எந்த வண்டியைத் தொட்டாலும், ஒரு லைட்டுக்கு இன்னொரு லைட் பதில் சொன்னால், பல்பையும் ஸ்விட்சையும் விட்டுவிடுங்கள். கரண்ட் வருகிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் லேம்ப் கிளிப்பைப் பளபளப்பான இடத்தில் மாட்டி ஏமாறாதீர்கள். அந்த லைட்டின் எர்த்திலேயே மாட்டிப் பாருங்கள். ஒயரை ஆட்டிச் சரியானால் சந்தோஷப்படாதீர்கள். ஆட்டியதும் ஏன் சரியானது என்று கேளுங்கள். கடலோர வண்டி என்றால் டிக்கி மூலையைப் பார்க்காமல் மூடாதீர்கள். ரங்கநாயகி அம்மா இப்போதும் மூட்டை வைக்கிறார், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில். திருஷ்டி டப்பாவுக்குள்ளேயே கரைகிறது.

பையில் ஒரு முழம் ஒயர் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கும் இருக்கட்டும்.

ஆனி மாசம் என் கடை திறந்தேன். விடியும் முன்பே போய் ஷட்டரைத் தூக்கிவிட்டு, வண்டி ஒன்றும் வராதோ என்று ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். முதல் வண்டியாக மாமாவின் லாரி வந்து வாசலை அடைத்து நின்றது. மாமாவே ஓட்டிவந்திருந்தார்.

"பின்னாடி லைட்டு கம்ப்ளெயிண்ட்டு. பாரு."

பார்த்தேன். பார்க் லைட் எரிந்தது. பிரேக் லைட் எரிந்தது. இண்டிகேட்டர் ஒழுங்காகக் கண்ணடித்தது. எர்த்தைக் கழற்றிப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. எனக்கு வழக்கமான பயம் வந்துவிட்டது. கோளாறு எனக்குத் தெரியாமல் எங்கேயோ ஒளிந்திருக்கிறதோ?

"மாமா, இதுல ஒரு கம்ப்ளெயிண்ட்டும் இல்லியே?"

மாமா பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டும்பா. ரோட்டுல போறவன் பாக்கணுமில்ல, எவன் வண்டி எங்க நிக்குதுன்னு."